பெட்டி முன்னறையில், வேலை அடுக்களையில்

(இராஜாக்கமங்கலத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி என்று பேசுவோம். இன்றைக்கு வீட்டில் இருக்கிற வைஃபை பற்றிப் பேசலாம் என்று இருக்கிறோம். "அது பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். மாதாமாதம் அதற்குப் பணம் போவது நம் குடும்பத்திலிருந்துதான். அந்த நெட் கிட்டாமல் அதிகம் சிரமப்படுவதும் நாம்தான்.

எப்படி என்று கேளுங்கள். நெட் கம்பி தெருவிலிருந்து வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. மாட்ட வருகிற தம்பி கம்பி குறைவாகச் செலவாகிற இடம் பார்த்து, முன்னறையில் டி.வி.க்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். எங்கே வைக்க வேண்டும் என்று நம்மிடம் யாரும் கேட்பதில்லை. நமக்கோ வேலை முழுக்க அடுக்களையிலும் பின்கட்டிலும். அங்கே போனால் ரேஞ்ச் கிட்டலை. குழுக் கணக்கைப் போனில் ஏற்ற வேண்டும், தையல் ஆர்டருக்கு வாட்ஸ்அப்பில் பதில் போட வேண்டும் என்றால் வாசலுக்கு ஓடி வருகிறோம். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை மனசு விட்டுப் பேசுவதானாலும், முன்னறையில் எல்லார் காதிலும் விழத்தான் பேச வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, பின்னறையில் இருந்து படிக்க வேண்டிய பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டது நமக்கு மறக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லுகிற உரிமை நமக்கும் உண்டு. அதற்கு முன்னால் விஷயம் தெரிந்துகொள்வோம்.

கோளாறு எங்கே என்று முதலில் பார்ப்போம்

நெட் மெதுவாக இருக்கிறது என்று சொன்னவுடன், "கூடின பிளான் போடுங்க" என்று சொல்லுவார்கள். உடனே பணம் கட்டிவிட வேண்டாம். ஒரு சின்ன சோதனை செய்வோம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் ஒரு வீடியோ போட்டுப் பாருங்கள். பிறகு அதே வீடியோவை அடுக்களையில் நின்று போட்டுப் பாருங்கள்.

பெட்டிப் பக்கத்திலேயே தடுமாறினால் கோளாறு கம்பியிலோ, பெட்டியிலோ, பிளானிலோ இருக்கலாம். அதைக் கம்பெனிக்காரரிடம்தான் சொல்ல வேண்டும். பெட்டிப் பக்கத்தில் நன்றாக ஓடி, அடுக்களையில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், நெட் வீடு வரைக்கும் சரியாக வருகிறது. வீட்டுக்குள் பரவவில்லை, அவ்வளவுதான். குழாயில் நல்ல வரத்து இருந்தும் தோட்டத்துக் கடைசித் தென்னைக்குத் தண்ணீர் போகாத மாதிரி. அதற்கு வாய்க்காலைச் சரிசெய்ய வேண்டும். கூடின பிளான் போட்டாலும் கடைசித் தென்னை காய்ந்துதான் கிடக்கும்.

அலை எதில் தடைபடுகிறது?

வைஃபை என்பது ரேடியோ அலை. பெட்டியிலிருந்து நாலு பக்கமும் பரவும். மரக் கதவு, ஓடு, மெல்லிய செங்கல் சுவர் வழியாக ஓரளவு போய்விடும். பழைய கனத்த கல் சுவரிலும், கம்பி கட்டிய கான்கிரீட்டிலும் பெருமளவு அடங்கிவிடும். நம் ஊரில் புதிதாகக் கட்டுகிற மாடி வீடுகளில் தளமே ஒரு பெரிய தடை. இரும்பு பீரோ, பிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவை அலையைத் திருப்பி விடும். தண்ணீரும் அலையை உறிஞ்சும். மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலும் பெட்டியை வைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். பல பெட்டிகள் போனில் இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். இது செல்போன் டவரில் வரும் 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலையைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அது வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் பலம் குறையும். மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். வேகம் கொஞ்சம் குறைவு, தூரம் கூடுதலாகப் போகும். பெட்டி இருக்கிற அறையில் 5ஜி பெயரையும், அடுக்களையிலும் பின்னறையிலும் மற்றப் பெயரையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். காசு செலவில்லாமலே பாதிப் பிரச்சினை தீரும் வீடுகள் உண்டு.

பெட்டியை எங்கே வைக்கலாம்?

வீட்டின் நடுப்பகுதியில், நெஞ்சு உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வைப்பது நல்லது. நடுவறைக் கதவுக்கு மேல் ஒரு சின்னப் பலகை அடித்து வைத்தால் போதும். டி.வி.க்குப் பின்னால், பீரோவுக்கு மேல், அலமாரிக்கு உள்ளே வேண்டாம். அழகுக்காகத் துணி போட்டு மூடினால் பெட்டி சூடேறும்.

பெட்டியில் கொம்பு போல ஆன்டெனா இருந்தால், நேராக நிறுத்தி வைத்தால் அலை பக்கவாட்டில் பரவும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள்.

பைபர் கம்பி கண்ணாடி இழையால் ஆனது. அதை நாமே இழுத்து மடக்கினால் உள்ளே ஒடிந்துவிடும். இடம் மாற்ற வேண்டுமென்றால் கம்பெனி ஆளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் மாட்ட வருகிற அன்றைக்கே, "தம்பி, பெட்டி நடுவறையில் இருக்கணும், அந்த அளவுக்குக் கம்பி விடுங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

தேனியில் செய்து காட்டினார்கள்

தடையை நீக்கினால் வைஃபை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டுவாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும், அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் இருக்கும் அதன் கண் பரிசோதனை மையங்களையும் வைஃபை மூலமாகவே இணைத்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உதவினார்கள். சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை இருந்தன. கருவி விலை குறைந்த சாதாரண வைஃபை கருவிதான். ஆனால் உயரமான கம்பத்தில் ஒரே திசையைப் பார்க்கிற ஆன்டெனாவை வைத்து, இடையில் மரமோ கட்டடமோ மறைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தூரத்துக்குத் தக்கபடி கருவியின் மென்பொருளையும் மாற்றி அமைத்தார்கள்.

அந்த மையங்களில் கண்ணைப் பரிசோதித்தவர்கள், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கூலி வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போகாமல், தங்கள் ஊரிலேயே ஜனங்களுக்குக் கண் பரிசோதனை கிடைத்தது.

நம் வீட்டுப் பெட்டி அப்படிக் கிலோமீட்டர் கணக்கில் போகாது. ஆனால் பாடம் ஒன்றுதான்: உயரம் வேண்டும், மறைப்பு கூடாது.

அப்படியும் கிட்டவில்லை என்றால்?

மாடி வீடு, நீளமான வீடு என்றால் ஒரு பெட்டி போதாமல் போகலாம். அதற்கு வழிகள் உண்டு.

முதல் வழி, பெட்டியிலிருந்து லேன் கேபிள் இழுத்து, மாடியிலோ பின்கட்டிலோ இன்னொரு ரவுட்டர் வைப்பது. இந்தக் கேபிளில் 100 மீட்டர் வரை நெட் குறையாமல் போகும். பழைய ரவுட்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அதையே இதற்கு மாற்றி அமைக்க முடியும். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளிடம் கேட்டால் செய்து தருவார்கள். நம்பகமான வழி இதுதான்.

இரண்டாவது, ரிப்பீட்டர் என்று கடையில் கிடைக்கிற சின்னக் கருவி. கரண்ட் பிளக்கில் செருகினால் போதும். ரேஞ்ச் இல்லாத அறையில் இதை வைத்தால் பயனில்லை. அதுவே அலை கிட்டாமல் தவிக்கும்போது நமக்கு என்ன தரும்? பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில், ரேஞ்ச் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். பல ரிப்பீட்டர்களில் வேகம் பாதியாகக் குறையும் என்பதையும் தெரிந்து வாங்குங்கள்.

மூன்றாவது, மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து வருவது. நன்றாக வேலை செய்யும், விலை கூடுதல். மற்றதெல்லாம் முயன்று பார்த்த பிறகு யோசிக்கலாம்.

தென்னந்தோப்புக்குள் வீடு இருந்து, உள்ளே செல்போன் டவர் கிட்டாதவர்களுக்கு ஒரு செய்தி. 2019-ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து நம் நாட்டில் வைஃபை காலிங் என்ற வசதி வந்திருக்கிறது. உங்கள் போனிலும் சிம் கம்பெனியிலும் அது இருந்தால், செட்டிங்ஸில் போட்டுவிட்டால் வைஃபை வழியாகவே சாதாரண கால் பேசலாம்.

கரண்டும் இடியும்

தேனியில் வேலை செய்த ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது தூரம் இல்லை, கரண்ட்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவிகளைக் கெடுத்தது. நம் பக்கத்தில் சித்திரை வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி மழையிலும் இடி பலமாக இருக்கும். இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சும்மா சுவிட்சை அணைத்தால் போதாது.

அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில், ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. ஆனால் 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து, நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனதே, அந்த மாதிரி நேரத்தில் வைஃபையை நம்பி இருக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் போனை முழுக்க சார்ஜ் செய்து வைப்போம்.

பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே கம்பியில் கோளாறு என்று அர்த்தம். அந்த நேரத்தில் பெட்டியை இடம் மாற்றிப் பயனில்லை, புகார் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது

சகோதரிகளே, பதிவேடு எழுதுவதில் நமக்குப் பழக்கம் உண்டு. ஒரு தாளில் உங்கள் வீட்டின் அறைகளை வரையுங்கள். ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்து, நெட் நன்றாக, சுமாராக, இல்லை என்று குறியுங்கள். பெட்டியை ஒரு முறை இடம் மாற்றிய பிறகு மறுபடியும் குறியுங்கள். அந்தத் தாளை அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த வீட்டுக்கு எது சரியாக வந்தது என்று ஒன்றாகப் பார்ப்போம். யாராவது ரிப்பீட்டர் வாங்குவதாக இருந்தால், ஏற்கெனவே வைத்திருக்கிற உறுப்பினர் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

கடன் வாங்கும்போது வட்டி எவ்வளவு என்று கேட்கப் பழகினோம். பேங்கில் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசப் பழகினோம். நம் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கும்போது "இங்கே வேண்டாம், அங்கே அடிங்க" என்று சொல்லவும் பழகுவோம். அடுக்களைக்கும் நெட் வரட்டும்.