நொய்யற்கரையும் உலகச் சந்தையும்

தொலைநாட்டுப் பூசல் கொங்கு மண்ணைத் தீண்டாதென்று எண்ணுவோர் இன்னும் உளர். பருத்தியின் வரலாறு வேறு கூறுகிறது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது அருகவே, இந்தியப் பஞ்சின் விலை மளமளவென ஏறிற்று. 1865இல் போர் ஓய்ந்தது, விலையும் சரிந்தது. ஏற்றத்தை நம்பிக் கடன்பட்டு விதைத்த உழவர் அல்லலுற்றனர்.

1929இல் தொடங்கிய பெருமந்தமோ விந்தையானது. விளைபொருள் விலை வீழ, வயலை விட்டகன்ற முதல் ஆலைகளை நாடிற்று. பைக்காரா மின்சாரமும் வந்து சேரவே, கோவையில் நூற்பாலைகள் பெருகின.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தினுள் புகுந்தது. எண்ணெய் விலை உயர்ந்தது. இந்தியாவின் அன்னியச் செலாவணி வற்றியது. 1991 ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளில் ஈடாக வைக்கப்பட்டது. பண்டகசாலை, வட்டிக்கடை என அடகு வைத்துப் பழகிய குடும்பங்களுக்கு அச்செய்தியின் பொருள் விளக்காமலே விளங்கியது. போரைத் தொடுத்தவர் யாரோ. நகையைக் கழற்றியவர் வேறொருவர்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தது. அதிற் பாதி, உருசிய எண்ணெய் வாங்கியமைக்கான தண்டம். உக்ரைன் போரின் சுமை, தொண்டாமுத்தூர் வட்டாரத்தை நனைத்துக் கீழிறங்கும் அதே நொய்யலின் கரையில், திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் இறங்கிற்று. கவியரங்குகளில் உலக அமைதி பாடுவோர், அங்குத் தைப்பவளின் சனிக்கிழமைச் சம்பளத்தை ஏனோ பாடுவதில்லை.