உறங்கும் கண்ணுக்குக் காவல்

உறக்கத்திலும் கண்ணை மூட இயலாதாரைப் பற்றிச் சில சொற்கள். மாதுங்காவில் 1890-ஆம் ஆண்டு தொழுநோயாளர்க்கென நிறுவப்பெற்ற இல்லமே இன்று வடாலாவின் அக்வொர்த் மருத்துவமனை. 1976-இல் தோன்றிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தார் தாராவிச் சந்துகளிலும் நோயாளரைத் தேடிச் சென்றனர். கூட்டு மருந்துகளால் இந்நோய் இன்று தீர்கிறது. எனினும், முன்னரே முகநரம்பு நலிந்திருப்பின் இமை முற்றும் மூடாது. இரவெல்லாம் விசிறிக் காற்றில் விழி வறண்டு புண்ணாகும், பார்வையே போகலாம்.

ஆதலின், படுக்குமுன் மருத்துவர் தந்த களிம்பை இட்டு, இமையை மெல்லத் தாழ்த்திக் காகிதப் பிளாஸ்திரியால் ஒட்டுகின்றனர். எளிய செயல்தான். ஆனால், இமை சிறிதே திறந்திருப்பினும் பிளாஸ்திரி விழியையே உராயும். உணர்ச்சி குன்றிய கண்ணுக்கோ அது தெரியாது. வலியில்லை என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. வீட்டார் ஒருவர் விளக்கொளியில் பார்த்து ஒட்டிவிடுதல் நன்று. காலையில் சிவப்போ மங்கலோ கண்டால் அன்றே சயான் மருத்துவமனைக்குச் செல்வோமாக.

நெற்றிப்பொட்டுத் தசையை இமையோடு இணைக்கும் அறுவையும் உண்டு. அதன்பின் பல்லை இறுகக் கடித்தால் கண் மூடும்! ஆயினும் உறக்கத்தில் நினைத்துப் பல்லைக் கடிப்பார் யார்? இரவில் பிளாஸ்திரி அவர்க்கும் வேண்டியிருக்கலாம்.