ஒரு குரல், ஒரு கிதார்

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1994-இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ இசைத்தட்டைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அப்போது அவருக்கு வயது 62.

ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி எடுத்து வளர்ந்த பிள்ளை அவர். 1968-இல் ஃபோல்சம் சிறைக்குள் போய்க் கைதிகள் முன்னால் பாடிய கச்சேரி உலகெங்கும் பேசப்பட்டது. அப்பேர்ப்பட்டவரின் தட்டுகள் எண்பதுகளில் விலைபோகவில்லை. 28 ஆண்டுகள் அவரை வைத்திருந்த கொலம்பியா நிறுவனமே 1986-இல் கைவிட்டது.

அவரைத் தேடி வந்தவர் ரிக் ரூபின். ராப், ஹெவி மெட்டல் தட்டுகளைத் தயாரித்துப் பேர் வாங்கிய இளைஞர். லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுக் கூடத்தில் கேஷை உட்காரவைத்து, பிடித்த பாட்டையெல்லாம் பாடச் சொன்னார். பக்கவாத்தியம் இல்லை, கூடப் பாட ஆளில்லை. பெரும்பாலான பாட்டுகள் அங்கேயும், டென்னசியில் கேஷுக்குச் சொந்தமான மரவீட்டிலும் பதிவாயின.

முதல் பாட்டு ‘டெலியாஸ் கான்’. 1900-இல் ஜார்ஜியாவின் சவானா நகரில் சுட்டுக்கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுமி டெலியா கிரீனின் கதையிலிருந்து பிறந்த நாட்டுப்பாடல் அது. கேஷ் அதை 1962-இலேயே ஒருமுறை பதிவு செய்திருக்கிறார். இந்த முறை கொன்றவனே நம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கிறது. குரலை உயர்த்துவதில்லை, அழுவதில்லை. கிதார் கம்பியில் கை விழும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்கிறது. சிறையில் இரவெல்லாம் அவள் காலடி கேட்கிறது என்று அவன் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். இளமைக் குரலில் இது வெறும் கதையாக நின்றிருக்கும். அறுபதைத் தாண்டிய தொண்டையின் கரகரப்புதான் அதை வாக்குமூலமாக்குகிறது.

‘தி பீஸ்ட் இன் மீ’ இன்னொன்று. ஒருகாலத்தில் கேஷின் வளர்ப்பு மகளை மணந்திருந்த நிக் லோ எழுதியது. மனிதனுக்குள் கட்டுண்டு கிடக்கும் மிருகத்தைப் பற்றிய பாட்டு. போதை மாத்திரைப் பழக்கத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் கேஷ். அவர் பாடும்போது ஒரு சொல்லும் இரவலாகத் தெரியவில்லை.

பதின்மூன்று பாட்டுகளில் இரண்டை மட்டும் வைப்பர் ரூம் என்ற இரவு விடுதியில், ரசிகர்கள் நடுவே பதிவு செய்தார்கள். அவற்றின் கைதட்டலும் சிரிப்பும் தொகுப்பின் தனிமையைக் கலைத்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

சமகால நாட்டுப்புற இசைக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது. 2003-இல் இறக்கும்வரை கேஷ் ரூபினோடு சேர்ந்து பாடிக்கொண்டே இருந்தார். கேட்க நினைப்பவர்கள் டெலியாவிலிருந்தே தொடங்குங்கள். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.