கானல் நீரும் ஒளி போகும் வழியும்

இன்றைய அறிவியல் உரையில் கானல் நீரைப் பற்றிப் பேசுவோம்.

கோடை மதியத்தில் துபாயிலிருந்து அல் ஐனுக்குப் போகும்போது, முன்னால் தார் வீதியில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோலத் தெரியும். வெயிலில் கண்டி வீதியால் பயணம் செய்த பெரியவர்களுக்கும் இது புதிதல்ல. பலர் இதைக் கண்ணின் மயக்கம் என்பார்கள். ஆனால் புகைப்படம் எடுத்தால் அதிலும் விழும். அப்படியென்றால் உண்மையாகவே ஓர் ஒளி அங்கிருந்து வருகிறது. அது எந்த ஒளி?

சார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை செய்வோருக்கு ஒன்று தெரியும். கிட்டிய வீதியில் நெரிசல் என்றால், வெளிவீதியால் சுற்றிப் போவதே கெதியாய்ப் போகும் வழி. தூரம் கூட, நேரம் குறைவு. ஒளியும் நேரம் குறைந்த வழியிலேயே போகிறது என்று 1662இல் பிரெஞ்சுக் கணிதர் பியர் டி பேர்மா சொன்னார். ஒளியின் வேகம் வளியில் செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர். நீரில் 2¼ இலட்சம். வேகம் மாறும் இடத்தில் பாதை முறிகிறது.

வீதியை ஒட்டிய வளி மிகச் சூடானது, ஐதானது. அதில் ஒளி சற்றுக் கூடிய வேகத்தில் போகும். ஆகவே அடிவானத்திலிருந்து வரும் ஒளியின் ஒரு பகுதி, கீழே இறங்கி, சூடான வளிக்குள்ளால் வளைந்து, மேலேறி நம் கண்ணுக்கு வருகிறது. ஒளி நேராக வந்ததாகவே மூளை கணக்குப் போடுகிறது. அதனால் வானத்தின் ஒரு துண்டு தரையில் தெரிகிறது. அதைத்தான் தண்ணீர் என்கிறோம். இந்த வளைவு மிகச் சிறியது. அதனால்தான் அது எப்போதும் தூரத்திலேயே தெரியும். நாம் கிட்டப் போகப் போக விலகிப் போகும்.

பேர்மா சொன்னதைக் கேட்டு அன்றே ஒருவர் மறுத்தார். டெக்காட்டின் ஆதரவாளரான கிளேர்செலியே என்பவர், இயற்கை யோசித்து வழி தேடுவதில்லை என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. புறப்படும் முன்னரே எந்த வழி குறுகியது என்று ஒளிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. ஒளி அலையாகப் பரவி எல்லா வழிகளாலும் போகிறது. பெரும்பாலான வழிகளில் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அயலிலுள்ள வழிகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும் இடத்தில் மட்டும் அலைகள் ஒத்துச் சேர்ந்து பலம் பெறும். அந்த வழியே நமக்குக் கதிராகத் தெரிகிறது. 1690இல் ஹைகன்ஸ் வெளியிட்ட அலைக் கொள்கை இதற்கு வழிதிறந்தது. 1948இல் ஃபைன்மன் இதே எண்ணத்தைக் குவாண்டம் இயற்பியலுக்குள் கொண்டுவந்தார்.

வாகனம் ஓட்டும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கானல் தெரியும் இடத்தில், தூரத்து வாகனத்தின் சில்லுகளும் ஒட்டகத்தின் கால்களும் மறைந்துபோகலாம். வானத்து ஒளி அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவே முன்னால் வீதி வெறுமையாக மினுங்கினால், அது வெறுமை என்று நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.