வீட்டுப் பெட்டை நாயின் முதற் பருவம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் நான் பேசுவது வழக்கம். இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறேன். ஆயினும், கிராம சபையில் மக்கள் எடுத்துரைக்கும் குறைகளில் தெருநாய்த் தொல்லை இடம் பெறாத நாள் அரிது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த நாய்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவற்றுள் பல, நம் வீட்டுப் பெட்டை நாய்கள் நாம் கவனியாத வேளையில் சினைப்பட்டு ஈன்ற குட்டிகளின் வழிவந்தவை. ஆகவே தெருவைச் சீர்திருத்தப் புறப்படுமுன் நம் வீட்டு முற்றத்தைப் பார்ப்பதே முறை.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என் பிழையையே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, உறவினர் ஒருவர் கொடுத்த பெட்டைக் குட்டி ஒன்றை என் வீட்டில் வளர்த்தோம். அதற்கு எட்டு மாதம் ஆனபோது, ஒரு நாள் காலை திண்ணையில் இரத்தத் துளிகள் கிடந்தன. எங்கோ முள் குத்தியிருக்கும் என்று எண்ணி, காலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். பத்து நாளில் இரத்தம் நின்றது. காயம் ஆறிவிட்டது என்று மகிழ்ந்து, அதுவரை கட்டி வைத்திருந்த நாயை அவிழ்த்து விட்டேன். அவிழ்க்கக் கூடாத நாளில் அவிழ்த்தேன் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது. ஒன்பது வாரங்களில் ஆறு குட்டிகள் பிறந்தன. கடுவன் குட்டிகளை அண்டை அயலார் எடுத்துக்கொண்டனர். எஞ்சிய மூன்று பெட்டைகளை ஒருவர் சாக்கில் போட்டு, சந்தைப்பேட்டைப் பக்கம் விட்டு வந்தார். நான் தடுக்கவில்லை.

மறு ஆண்டு அந்தச் சந்தைப்பேட்டையருகே, கூலி வேலை செய்யும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியை நாய் கடித்துவிட்டது. உரிய காலத்தில் தடுப்பூசி போடப்பட்டதால் அவள் பிழைத்தாள். கடித்தது என் வீட்டில் பிறந்ததா, வேறொன்றா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. இவ்வுரையின் காரணமும் அதுவே.

விவசாயப் பெருமக்களே, பசுவின் பருவத்தை அறிவதில் தாங்கள் வல்லவர்கள். இருபத்தொரு நாளுக்கொரு முறை பசு பருவத்திற்கு வரும். அது ஒரு நாள் அளவுகூட நீடிப்பதில்லை. பருவம் கழிந்த ஓரிரு நாளில் சில பசுக்களிடமும் கிடேரிகளிடமும் சிறிது இரத்தம் காணும். அதைக் கண்டால், "காலம் கடந்துவிட்டது, இனி அடுத்த பருவம் பார்ப்போம்" என்று சரியாகவே சொல்வீர்கள். இந்த அறிவை நாயிடம் கொண்டு செல்லும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். நாய்க்கு இரத்தம் வருவது பருவத்தின் முடிவல்ல, தொடக்கம். இரத்தம் குறைந்து வெளுக்கும்போதுதான் நாய் இணை சேரும் காலம் பிறக்கிறது. பசுவுக்கு முடிவாக உள்ள அடையாளம் நாய்க்குத் தொடக்கமாக இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் கொண்டு வீடு திரும்பினாலும் போதும்.

இனி அறிகுறிகளைச் சொல்கிறேன். பெட்டை நாய்க்கு முதற் பருவம் பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் ஓராண்டிற்கும் இடையில் வரும். உருவில் பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே ஆறு மாதம் நிறைந்தது முதல் வாரம் ஒருமுறை நாயின் பின்புறத்தைக் கவனித்து வாருங்கள். முதலில் பிறப்புறுப்பு வீங்கும். நாய் அவ்விடத்தை அடிக்கடி நக்கும். சிறிது சிறிதாகப் பல இடங்களில் சிறுநீர் கழிக்கும். பிறகு இரத்தம் கசியும். தன்னைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும் நாய்களிடம் கசிவு நம் கண்ணில் படாமலும் போகலாம். முதற் பருவத்தில் அது மிகக் குறைவாகவும் இருக்கலாம். ஐயம் இருந்தால் வெள்ளைத் துணியை விரித்து அதில் படுக்க விட்டால் தெரிந்துவிடும். இக்கட்டத்தில் கடுவன் நாய்கள் வாசலில் வந்து நிற்கும். பெட்டையோ உறுமி விரட்டும். இது ஏறக்குறைய ஒன்பது நாள் நடக்கும். சில நாய்களுக்கு மூன்று நாளிலும் முடியலாம், பதினேழு நாள் வரையும் நீளலாம்.

அடுத்தது இரண்டாம் கட்டம். கசிவு வைக்கோல் நிறமாக வெளுக்கும். வீங்கிய உறுப்பு இளகும். முதுகின் பின்பகுதியைத் தடவினால் நாய் அசையாமல் நின்று, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கும். இதுவே கடுவனை ஏற்கும் காலம். இதுவும் சராசரியாக ஒன்பது நாள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று வாரம். நாய்க்கு நாய் நாள்கள் மாறுபடுவதால், நான்கு வாரம் காவல் வைப்பதே பாதுகாப்பு. வீக்கம் கண்ட நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஆறு ஏழு மாதங்களில் பருவம் மீண்டும் வரும். அப்போது அக்குறிப்பு பயன்படும். மார்கழி மாதத்து நாய் என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. அதை நம்பி மற்ற மாதங்களில் கவலையற்று இருக்கலாகாது. வீட்டு நாய்க்கு எம்மாதத்திலும் பருவம் வரும்.

காவல் என்றால் என்ன? முற்றத்தில் சங்கிலியால் கட்டுவது காவல் ஆகாது. கட்டப்பட்ட நாய் ஓடித் தப்ப முடியாது. வந்த நாய்க்கு அது வசதியே. முள்வேலியும் தாழ்ந்த சுவரும் கடுவனைத் தடுக்கமாட்டா. கதவுள்ள அறையோ, தாழிடக்கூடிய கொட்டகையோ வேண்டும். காற்றும் வெளிச்சமும் வரட்டும். தண்ணீர் எப்பொழுதும் இருக்கட்டும். பழைய பருத்தித் துணியை விரித்து, நாள்தோறும் மாற்றி வெயிலில் உலர்த்துங்கள். வெளியே கொண்டு செல்லும்போது கயிற்றைக் கையில் பிடித்தே நடத்துங்கள். உடன் பிறந்த கடுவன்தானே என்று அதே வீட்டுக் கடுவனோடு சேர்த்து விடாதீர்கள். நாய்க்கு அந்த முறை தெரியாது. வாசலில் கூடும் நாய்கள் தமக்குள் சண்டையிடும். அவ்வேளையில் கல்லெறியும் குழந்தைகளே கடிபடுவர். எனவே குழந்தைகளை விலக்கி வையுங்கள்.

காவலை மீறி நாய்கள் இணைந்துவிட்டால், அடிப்பதும் இழுத்துப் பிரிப்பதும் கொடுமை மட்டுமன்று, இரண்டு நாய்களுக்கும் உட்காயம் உண்டாக்கும். பத்து நிமிடம் முதல் அரை மணி வரையில் அவை தாமே பிரியும். பின்னர் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். ஒருமுறை நடந்துவிட்டது, இனிக் காவல் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். மறுநாள் வேறொரு கடுவனும் சேரும். ஓர் ஈற்றிலேயே வெவ்வேறு தந்தையரின் குட்டிகள் பிறப்பதுண்டு. கருத்தடை மாத்திரைகளையும் ஊசிகளையும் தாமாக வாங்கிக் கொடுப்பது கருப்பையில் சீழ் பிடிக்க வழி செய்யும். அது உயிருக்கே ஆபத்து.

பருவம் முடிந்த பின்னும் இரண்டு மாதம் கவனம் தேவை. சினைப்படாத நாய்க்கும் மடி பெருத்துப் பால் சுரக்கலாம். அது பெரும்பாலும் தானே அடங்கும். மடியைப் பிடித்துக் கறக்கவேண்டாம். ஆனால் நாய் சோர்ந்து, உணவை வெறுத்து, அளவு மீறித் தண்ணீர் குடித்து, சீழ் போன்ற கசிவும் கண்டால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

"ஒருமுறையாவது ஈன்றால்தான் பெட்டை நன்றாயிருக்கும்" என்று சொல்வோர் உளர். அதற்கு ஆதாரம் இல்லை. முதற் பருவத்தில் நாயே இன்னும் வளரும் குட்டி. இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு இனங்களைப் பெருக்க விரும்புவோரும், உடல் முதிர்ந்த பின்னரே, குட்டிகளை ஏற்போர் யார் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொண்டு, இணை சேர்க்கவேண்டும். குட்டி வேண்டாதவர்களுக்குக் கருத்தடை அறுவையே நிலையான வழி. முதற் பருவத்திற்கு முன்பே செய்யலாம். பருவம் வந்துவிட்டால், அது முடிந்து இரண்டு மூன்று மாதம் சென்றபின் செய்வது நலம். உரிய காலம் எது என்பதை மருத்துவர் நாயைப் பார்த்துச் சொல்வார்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களே, தங்களுக்கு ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் அளித்துள்ளன. நாய்களைக் கொல்வது சட்டப்படி குற்றம். பயனும் இல்லை, காலியான இடத்திற்கு வேறு நாய்கள் வந்து சேரும். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் எத்தனை வீடுகளில் பெட்டை நாய் உண்டு, எவற்றிற்குத் தடுப்பூசி போடப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதினால், கால்நடை மருத்துவரை அழைத்து முகாம் நடத்துவது எளிதாகும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அந்த நோட்டை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றும் மருந்து இல்லை என்றே கொள்ளவேண்டும். தோன்றாமல் தடுக்கவோ முடியும். 1885ஆம் ஆண்டில் பாஸ்டர் அதற்கு வழி காட்டினார். 1907ஆம் ஆண்டில் நம் குன்னூரிலேயே அவர் பெயரால் நிலையம் ஏற்பட்டது. இத்தனை காலம் சென்றும் ஓர் உயிர் இதனால் போகுமாயின் அது நம் அசிரத்தையே. குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் தவணைகளில் தொடருங்கள். யாரையேனும் நாய் கடித்தால், புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் புண்ணில் வைக்கவேண்டாம்.

அன்பர்களே, இரவெல்லாம் விழித்திருந்து நம் களத்தையும் பட்டியையும் காப்பது நாய். ஆண்டில் இருமுறை, நான்கு வாரம், அதற்கு நாம் காவல் இருப்பது பெரிய கைம்மாறு அன்று. அந்த நான்கு வாரத்தை நான் ஒருமுறை தவறவிட்டேன். தாங்கள் தவறவிடாதீர்கள் என்று வேண்டி அமைகிறேன்.