ஆறு எம்.எல்.ஏ.வும் ஒரு அடங்கலும்

(தாமல் விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நெல்லைத் தூற்றி மூட்டை பிடிச்சு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போறோம். அங்கே முதல்ல என்ன கேக்கறாங்க? சிட்டா, அடங்கல். பட்டா இருக்கிறவன் எடுத்து நீட்டிடுவான். குத்தகைக்கும் வாரத்துக்கும் ஓட்டுறவன் எங்கே போவான்? நிலக்காரர் வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும். அவரோ பட்டணத்துல இருப்பார். அடங்கல்ல இவன் பேர் ஏறிட்டா நாளைக்கு நிலமே போயிடுமோன்னு அவருக்குப் பயம். கடைசியில் நெல்லு வியாபாரி சொன்ன விலைக்குப் போகுது. பயிர்க்கடனும் இதே கதைதான். ஏரி உடைஞ்சு பயிர் முழுகினா வர்ற நிவாரணமும் இதே கதைதான். சேத்துல இறங்கினவன் ஒருத்தன், பணம் ஏறுற பாஸ்புக் இன்னொருத்தருது.

இதைப் பேச வந்தவன் எழுபது வருஷத்துக்கு முந்தின ஒரு அரசியல்வாதியின் கதையை எடுக்கிறேன். பொறுமையாகக் கேளுங்க. இந்தக் கோளாறின் வேர் அங்கேதான் இருக்கு.

1952-ல் நாட்டுக்கு முதல் பொதுத்தேர்தல். அன்றைய சென்னை மாகாணச் சட்டசபையில் 375 இடம். ஆந்திராவும் மலபாரும் அப்போ நம்மோடு சேர்ந்திருந்தன. காங்கிரசுக்குக் கிடைத்தது 152தான், பாதிகூட இல்லை. நம்ம செங்கல்பட்டு ஜில்லாவிலும் பக்கத்து வடஆற்காட்டிலும் காமன்வீல் கட்சி என்று ஒன்று நின்றது. தலைவர் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர். தென்னாற்காடு, சேலம் பக்கம் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி. இரண்டுமே வன்னியர் சங்கத்திலிருந்து கிளம்பியவை. நான் இங்கே சாதி பேச வரவில்லை. ஏர் பிடித்தவன் ஓட்டு முதல்முறையாகத் தனியாக எண்ணப்பட்டது என்பதைத்தான் சொல்றேன். உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், காமன்வீலுக்கு 6 இடம்.

ஆறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அன்றைக்கு முடிந்தது. ராஜாஜிக்கு ஆள் வேண்டியிருந்தது. மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். கிடைத்தது சில்லறை இலாகா இல்லை, நிலவருவாய்! மணியக்காரர், கர்ணம் முதல் கலெக்டர் வரைக்கும் அந்த இலாகாதான். 1954-ல் காமராஜர் முதல்வரானபோதும் இவர் மந்திரியாகத் தொடர்ந்தார். படையாட்சிக்கும் ஸ்தல ஸ்தாபன இலாகா கிடைத்தது. இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.

கரைந்ததைப் பற்றிப் பிறகு சொல்றேன். முதலில் அவர் காலத்தில் என்ன வந்தது என்று நியாயமாகப் பார்க்கணும். 1952-ல் வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சாவூருக்கு மட்டும்தான். அதுவும் அங்கே விவசாயிகள் அடிபட்டு, சிறைபட்டுப் போராடியதால் வந்தது. நம்ம ஜில்லாவில் நினைத்த நேரத்தில் குத்தகைக்காரனை இறக்கிவிடலாம். 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகையை ஒழுங்காகக் கட்டுகிறவனை வெளியேற்றக் கூடாது என்றது. அடுத்த வருஷம் நியாயக் குத்தகைச் சட்டம். நன்செய்யில் விளைந்ததில் நிலக்காரருக்கு நூற்றுக்கு 40, இறைவை சேர்த்துப் பாயும் நன்செய்யில் 35, மற்ற நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வரம்பு கட்டியது. பாதிக்கு மேலேயே அளந்து கொடுத்துப் பழகிய சனங்களுக்கு இது சாதாரண விஷயமா?

அடுத்தது நில உச்சவரம்பு. 1960-ல் மசோதா, 1961-ல் சட்டம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். பேச்சு கிளம்பினதுமே பெரிய பண்ணைகள் மகன் பேர், மருமகன் பேர், அறக்கட்டளை பேர் என்று பிரித்து எழுதி முடித்துவிட்டன. தோட்டம், தோப்பு என்று விலக்கு வேறே. 1970-ல் உச்சவரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்தார்கள். அதற்குள் பறவை பறந்துவிட்டது.

ஆனால் நம்மைக் கெடுத்தது உச்சவரம்பின் ஓட்டை இல்லீங்க. 1955 சட்டத்திலேயே 4-பி என்று ஒரு பிரிவு இருக்கு. குத்தகை ஒப்பந்தத்தை மூன்று படியாக எழுதணும். ஒன்று நிலக்காரருக்கு, ஒன்று உழுகிறவனுக்கு, ஒன்று தாலுகா ஆபீசுக்கு. எவ்வளவு எளிமையான ஏற்பாடு! அது ஊருக்கு ஊர் நடந்திருந்தால் இன்றைக்கு நாம இங்கே கூட வேண்டியதில்லை. வாய்ப்பேச்சிலேயே குத்தகை ஓடியது. 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகைக்காரனும் மனு கொடுத்துப் பதியலாம் என்றார்கள். மனு கொடுத்தவன் எத்தனை பேர்? உங்க தாத்தா கொடுத்தாரா, பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்தாரான்னு கேட்டுப் பாருங்க.

ஏன் நடக்கலை? என் கணக்கு இது. கோட்டையில் சட்டம் எழுதியவருக்கு ஊரில் ஆள் இல்லாமல் போச்சு. கட்சியாக நின்றபோது கிராமத்தில் கிளை இருந்தது, கேட்கிற வாய் இருந்தது. ஆளுங்கட்சியில் கரைந்ததும், அதே ஊரில் நிலக்காரரும் காங்கிரஸ், குத்தகைக்காரனும் காங்கிரஸ். அப்போ கர்ணத்திடம் போய் "அடங்கல்ல என் பேரை எழுது"ன்னு யார் சண்டை பிடிப்பது? நாயக்கர் மேலே மேலே போனார். 1964 முதல் 1970 வரை சட்ட மேலவைத் தலைவர். மரியாதையான நாற்காலிதான். ஆனால் அங்கேயிருந்து கையை நீட்டினால் அடங்கல் எட்டாது.

அவரைக் குறை சொல்லி என் வயிறு நிறையப் போவதில்லை. இன்றைக்கு வர்ற எம்.எல்.ஏ.க்களைப் பார்த்தால் அவரே தேவலை. நிழற்குடை கட்டி, அதுல தன் பேரைப் பெரிசா எழுதி வைக்கிறதுக்குத்தான் தொகுதி நிதி என்று நினைக்கிறவங்க இருக்காங்க. நம்ம உத்திரமேரூர் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னே வெட்டி வைத்திருக்கிறார்கள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரையும், அவன் உறவுக்காரன் பேரையும் குடவோலையில் போடக் கூடாதென்று. அந்தச் சபையில் நம்மைப் போன்ற உழவனுக்கு இடமில்லை, அது வேறே விஷயம். கணக்குக் கேட்கிற வழக்கம் இந்த மண்ணுக்குப் புதுசில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அதனால எந்தக் கட்சி எம்.எல்.ஏ. ஆனாலும் சங்கம் கேட்பது இதுதான். உழுகிறவன் பேர் அடங்கலில் ஏறணும். கிராம நிர்வாக அலுவலர் கழனிக்கு வந்து, பயிரையும் பயிர் வைத்தவனையும் பார்த்து எழுதணும். குத்தகைக்காரன் கொண்டு வரும் நெல்லை, நிலக்காரர் கையெழுத்துக்காகக் காக்க வைக்காமல் எடுக்கணும். 1969 சட்டப்படி மனு வாங்க ஊருக்கு ஊர் முகாம் போடணும். சட்டசபையில் இதை எப்போ எழுப்பினீங்க, என்ன பதில் வந்ததுன்னு எழுத்தில் கேட்போம்.

தாசில்தார் ஆபீசுக்குப் போகிற நாளைச் சங்கத்தார் வீடு வீடாக வந்து சொல்வார்கள். வரும்போது வெறுங்கையோட வராதீங்க. குத்தகை கட்டின ரசீது, நெல் அளந்த சீட்டு, உரம் வாங்கின பில், எது இருந்தாலும் எடுத்து வாங்க. ஒண்ணுமே இல்லாதவங்க, நீங்க அந்தக் கழனியை ஓட்டுறது தெரிஞ்ச பக்கத்துக் கழனிக்காரர் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வாங்க.