நாடு கடத்தல் என்னும் ஆயுதம்

(தொழிற்சங்க வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



தொழிலாளியை மிரட்ட முதலாளியிடம் கதவடைப்பு உண்டு. போலீஸ் தடியும் உண்டு. அமெரிக்க முதலாளிகள் இன்னொரு ஆயுதத்தையும் கண்டுபிடித்தார்கள். அதுதான் நாடு கடத்தல். அதை எதிர்த்துச் சுமார் முப்பது வருஷம் மல்லுக்கு நின்றவர் கரோல் வைஸ் கிங் என்ற நியூயார்க் பெண் வக்கீல்.

ஸான்பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தில் அந்நாளில் வேலை கிடைத்த விதத்தைக் கேளுங்கள். விடியற்காலையில் ஜனங்கள் கரையில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து விரலை நீட்டி ஆளைப் பொறுக்குவான். கைக்கூலி கொடுத்தவனுக்கு வேலை; சங்கம் என்று வாய் திறந்தவனுக்குப் பட்டினி. அறுப்புக் கூலிக்குக் காத்து நின்ற விவசாயத் தொழிலாளிக்கு இதை நான் விளக்க வேண்டுமா? 1934-ல் அத்தொழிலாளர்கள் 83 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 5-ந் தேதி போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டனர். கொதித்தெழுந்த நகரமே பொது வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. கடைசியில், ஆளெடுக்கும் அதிகாரம் மேஸ்திரியின் கையைவிட்டுப் போயிற்று. சங்கம் தேர்ந்தெடுத்தவரே முறைவைத்து வேலை பகிர்ந்து கொடுக்கலானார்.

தலைமை தாங்கிய ஹாரி பிரிட்ஜஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்கப் பிரஜை அல்ல. அதுவே பிடியாகக் கிடைத்தது. கம்யூனிஸ்டு என்று குற்றம் சாட்டினார்கள். 1939-ல் விசாரணை செய்த ஹார்வர்டு சட்டக் கல்லூரித் தலைவர் லாண்டிஸ், குற்றம் நிரூபணமாகவில்லை என்றார். விட்டார்களா? 1940-ல் இந்த ஒரே மனிதரை நாடு கடத்த மசோதா கொண்டுவந்து, பிரதிநிதிகள் சபையில் 330-க்கு 42 வோட்டில் நிறைவேற்றினார்கள்! அது சட்டமாகவில்லை. உடனே பொதுச் சட்டத்தையே திருத்தினார்கள். இப்போது உறுப்பினராக இல்லாவிட்டாலும், முன்னொரு காலத்தில் இருந்திருந்தாலே போதும் என்று ஆக்கினார்கள். மறு விசாரணையில் நாடு கடத்த உத்தரவாயிற்று. கிங்கும் சங்கத்தின் வக்கீல்களும் விடவில்லை. 1945 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது.

பிரிட்ஜஸின் பின்னால் பெரிய சங்கம் இருந்தது. தனி ஆளுக்கு?

டிட்ராய்ட் பக்கத்தில் ஓர் உணவு விடுதியில் தலைமைப் பரிமாறுபவர் ஒருவர். 1913-லிருந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். இரண்டு மகன்களும் யுத்தத்தில் ராணுவ சேவை செய்தார்கள். அவரே ஏழு தடவை ரத்ததானம் செய்தவர். நாடு கடத்தல் வழக்கில் ஜாமீனில் இருந்தவரை, 1950 அக்டோபரில் மறுபடி பிடித்து ஜாமீன் இல்லையென்று அடைத்தார்கள். அவர் ஓடிப்போவார் என்று சர்க்கார் காட்டவில்லை. கம்யூனிஸ்டு என்பதே போதும் என்றது.

கிங் வாதங்களைத் தயாரித்துப் பெரிய பெயருள்ள வக்கீல்களைப் பேசச் சொல்வது வழக்கம். 1943-ல் கலிபோர்னியாக் கட்சிச் செயலாளர் ஷ்னைடர்மனின் பிரஜா உரிமை வழக்குக்கு, ஜனாதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற வில்கியையே வாதாடச் செய்து ஜெயித்தவர்! ஆனால் இந்த விடுதித் தொழிலாளிக்காக, 1951 நவம்பரில், சுப்ரீம் கோர்ட்டில் முதன்முறையாகத் தாமே எழுந்து பேசினார். 1952 ஜனவரியில் காலமானார். மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் சர்க்கார் பக்கம்; நால்வர் எதிர்ப்பு.

அந்த ஒரு வோட்டுத் தீர்ப்பு ஏட்டோடு போகவில்லை. 2003-ல், குற்றத் தண்டனை பெற்ற வெளிநாட்டாரை நாடு கடத்தல் விசாரணை முடியும்வரை ஜாமீன் விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கலாம் என்று தீர்மானித்தபோது, அதே கோர்ட் அதே தீர்ப்பை எடுத்துக் காட்டிற்று.